தசைக்குள் மரபணு: ஒரு பழைய சோதனையின் கதை



தசைச்சிதைவு நோய்க்கு அமெரிக்காவில் மரபணு ஊசி வந்துவிட்டதாமே, தோப்பை விற்றாவது பையனுக்குப் போட்டுவிடலாமா என்று நம் சொந்தத்தில் ஒருவர் கேட்டிருந்தார். ஒரு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை.

1987-இல் இரண்டு காரியங்கள் நடந்தன. டுஷேன் தசைச்சிதைவு நோயில் இல்லாமல் போகும் புரதத்தை லூயி குன்கெல் குழுவினர் கண்டுபிடித்து டிஸ்ட்ரோபின் என்று பெயர் வைத்தார்கள். அதே ஆண்டு பிலிப் ஃபெல்க்னர் குழுவினர், ஆய்வகத்தில் தயாரித்த ஒரு கொழுப்பைக் கொண்டு டி.என்.ஏ.வைச் செல்லுக்குள் நுழைத்தார்கள். டி.என்.ஏ.வுக்கு எதிர் மின்னூட்டம். செல் சவ்வின் வெளிப்புறமும் அப்படியே. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். நேர் மின்னூட்டமுள்ள கொழுப்பு நடுவில் வந்தால் ஒட்டிக்கொள்ளும். எட்டாம் வகுப்புப் பாடம்தான்!

அடுத்து எலியின் தசையில் முயன்றார்கள். ஃபெல்க்னருடன் சேர்ந்தவர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜான் உல்ஃப். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கொழுப்பே சேர்க்காத வெறும் டி.என்.ஏ.வையும் ஊசியில் போட்டார்கள். வேலை செய்தது அந்த வெறும் டி.என்.ஏ.தான்! 1990 மார்ச்சில் 'சயன்ஸ்' இதழில் வெளியானது. செய்முறை வகுப்பில் ஒப்பீட்டுக் குழாயை ஏன் வைக்கவில்லை என்று நான் சத்தம் போட்டது சிலருக்கு நினைவிருக்கும்.

ஆனால் ஊசி இறங்கிய இடத்தைச் சுற்றிச் சில தசைநார்களுக்குத்தான் அது போய்ச் சேர்ந்தது. தடுப்பூசிக்கு அது போதும். சில செல்கள் சில நாள் வேலை செய்தால் சரி. வெளிநாட்டிலிருக்கும் நம் பிள்ளைகள் போட்டுக்கொண்ட ஃபைசர், மாடர்னா கொரோனா ஊசிகளில் இருந்ததும் இந்தக் கொழுப்பின் உறவுதான். தசைச்சிதைவுக்கோ கால், தோள், மூச்சுத்தசை, இதயம் எல்லாவற்றுக்கும் மரபணு போய்ச் சேரவேண்டும், அதுவும் ஆயுளுக்கும். அங்கேதான் கொழுப்பு தோற்றது.

2023-இல் அமெரிக்கா அனுமதித்த எலிவிடிஸ் மருந்துக்கு வைரஸ்தான் வண்டி. டிஸ்ட்ரோபின் மரபணு மிக நீளமானது, அதில் முழுதாக ஏறாது, சுருக்கி ஏற்றியிருக்கிறார்கள். விலை 32 லட்சம் டாலர், அதாவது 25 கோடி ரூபாய்க்கு மேல். 2025-இல் அதைப் போட்டுக்கொண்ட, நடக்க முடியாத நிலையிலிருந்த இரண்டு பையன்கள் கல்லீரல் செயலிழந்து இறந்தார்கள். நோயை நிறுத்தும் என்ற உறுதியும் இல்லை. தோப்பை விற்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

மூன்று, நான்கு வயது ஆண் குழந்தை அடிக்கடி விழுந்தால், தரையிலிருந்து எழும்போது தொடையில் கையை ஊன்றி ஊன்றி எழுந்தால், சத்துக்குறைவு என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த நோய்க்கு மரபணுப் பரிசோதனையும் ஆலோசனையும் தரும் எம்.டி.சி.ஆர்.சி. மையம் கோவையிலேயே இருக்கிறது.