65 மைலுக்கு அப்பால் ஒரு டாக்டர்

1916ஆம் ஆண்டு. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், ஊருக்கு ஒதுக்குப்புறமாக வாழ்ந்த ஒரு பெண் தலைநகர் வாஷிங்டனுக்குக் கடிதம் எழுதினார். அவர் வயிற்றில் மூன்றாவது குழந்தை. முதல் இரண்டு பிள்ளைகளும் எடை கூடிப் பிறந்ததில், இரண்டு பிரசவத்திலும் அவர் உடம்பு கிழிந்து பெரும்பாடு பட்டிருந்தார். கிட்டத்தில் இருக்கும் டாக்டரிடம் போகவே 65 மைல் தாண்ட வேண்டும். இந்த முறை என்ன ஆகுமோ என்று நடுங்கிப்போய், முன்பின் அறியாத ஒரு பெண் அதிகாரியிடம் அவர் வழி கேட்டார்.

அந்த அதிகாரி ஜூலியா லாத்ராப். 1912 ஏப்ரலில் அமெரிக்க அரசு குழந்தைகளுக்கென்றே தனி அலுவலகம் தொடங்கியபோது அதற்குத் தலைவரானவர். அந்நாட்டு மத்திய அரசின் துறை ஒன்றுக்குப் பெண் ஒருவர் தலைமை ஏற்றது அதுவே முதல் முறை. கையில் இருந்ததோ 15 ஊழியர்களும் ஆண்டுக்கு 25,640 டாலரும்தான்.

அந்தச் சொற்பப் பணத்தில் அவர்கள் முதலில் எடுத்துக்கொண்ட கேள்வி, கைக்குழந்தைகள் ஏன் சாகின்றன என்பது. பென்சில்வேனியாவின் ஜான்ஸ்டவுன் எஃகு ஆலைகள் நிறைந்த நகரம். 1911இல் அங்கே பிறந்த குழந்தைகளின் பட்டியலை எடுத்துக்கொண்டு பெண் ஆய்வாளர்கள் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். அப்பாவின் சம்பளம் என்ன, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, குழந்தைக்கு என்ன பால் என்று தாய்களிடம் உட்கார்ந்து கேட்டார்கள். அப்பாவின் சம்பளம் குறையக் குறையக் குழந்தைச் சாவு கூடியது. அம்மாவுக்கு விவரம் போதாது என்பது மட்டுமே காரணம் என்று அதற்குப் பிறகு யாரும் சொல்லிவிட முடியாது.

விவரமும் தேவைப்பட்டது என்பது உண்மை. பிழைப்புத் தேடி வெகுதூரம் போய்க் குடியேறிய குடும்பங்களில், பிள்ளை அழுதால் ஓடிவந்து பார்க்கத் தாயோ பாட்டியோ பக்கத்தில் இல்லை. 1914இல் அலுவலகம் வெளியிட்ட ‘இன்ஃபன்ட் கேர்’ என்ற சிறு நூல் அந்த இடத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தது. அதை எழுதிய மேரி மில்ஸ் வெஸ்ட் டாக்டர் அல்ல. கணவரை இழந்து ஐந்து பிள்ளைகளை வளர்த்தவர். பாலைச் சுத்தமாக வைப்பது, குளிப்பாட்டுவது, பல் முளைக்கும் காலத்துத் தொந்தரவு, துணிமணி என்று எல்லாமே அதில் இருந்தன. கேட்டவர்களுக்கு இலவசமாகவே போனது. அரசு வெளியீடுகளில் அதைப்போல் மக்கள் கேட்டு வாங்கியது வேறெதுவும் இல்லை எனலாம்.

அதே நூலில் இன்று படித்தால் மனம் வலிக்கும் பக்கங்களும் உண்டு. கடிகாரத்தைப் பார்த்துத்தான் பால் கொடுக்க வேண்டும். விரல் சூப்பும் குழந்தையின் சட்டைக் கையை விரல் மூடும்படி இழுத்து ஊசி குத்திவிட வேண்டும். கொஞ்சி விளையாட்டுக் காட்டினால் பிஞ்சு நரம்புகள் களைத்துப்போய் குழந்தை சிணுங்கும்.

1928இல் உளவியலாளர் ஜான் வாட்சன் இன்னும் ஒரு படி மேலே போனார். பிள்ளையைக் கட்டிப்பிடிக்காதீர்கள், முத்தம் கொடுக்காதீர்கள், காலையில் கைகுலுக்கினால் போதும் என்று எழுதினார். அறிவியலின் பெயரால் வந்த பேச்சு என்பதால், அழும் பிள்ளையைத் தூக்கத் துடித்த எத்தனையோ தாய்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

காற்று திசை மாற இருபது ஆண்டுகூட ஆகவில்லை. 1940களில் வந்த ‘இன்ஃபன்ட் கேர்’ பதிப்புகளில் விளையாட்டு குழந்தைக்கு நல்லது என்றாகிவிட்டது. 1914 முதல் வந்த பதிப்புகளை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர் மார்த்தா வுல்ஃபன்ஸ்டைன் இன்னொன்றையும் கவனித்தார். விளையாடாதே என்பது போய், விளையாடியே ஆக வேண்டும், அதில் மகிழ்ந்தே ஆக வேண்டும் என்ற புதுச் சுமை அம்மாவின் தலையில் ஏறியிருந்தது.

1946இல் டாக்டர் பெஞ்சமின் ஸ்போக்கின் நூல் 25 சென்ட் விலையில் மலிவுப் பதிப்பாக வந்தது. தாய்க்குத் தெரிந்ததே நிறைய இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்று தைரியம் சொன்ன அந்தக் குரலைக் கோடிக்கணக்கான குடும்பங்கள் வீட்டுக்குள் அழைத்துக்கொண்டன. ஆனால் 1950களின் பிற்பகுதியில் அதே நூல், குழந்தையைக் குப்புறப் படுக்கவைப்பதே நல்லது என்றது. மல்லாந்து கிடக்கும்போது வாந்தியெடுத்தால் புரையேறிவிடும் என்ற அச்சம்தான் காரணம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. யாரும் அதைச் சோதித்துப் பார்த்திருக்கவில்லை.

குப்புறப் படுத்த குழந்தைகளே தூக்கத்தில் திடீரென இறப்பது அதிகம் என்பது பின்னால் தெரிந்தது. பிரிட்டனில் 1991இலும் அமெரிக்காவில் 1994இலும், மல்லாக்கப் படுக்கவையுங்கள் என்ற பிரசாரம் தொடங்கியது. அத்தகைய சாவுகள் பாதிக்கும் கீழே இறங்கின. குப்புறப் படுப்பது ஆபத்து என்பதற்கான சான்றுகள் 1970ஆம் ஆண்டளவிலேயே இருந்தன என்று 2005இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அப்போதே அவற்றைத் தொகுத்துப் பார்த்திருந்தால் பிரிட்டனில் மட்டும் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் பிழைத்திருக்கக்கூடும் என்பது அதன் கணக்கு.

இத்தனைக்கும் நடுவே லாத்ராப்பின் அலுவலகத்தை மதிப்போடு நினைக்க வைப்பது அங்கே வந்து குவிந்த கடிதங்கள்தான். ஓர் ஆண்டில் 1,25,000 வரை வந்தன. பென்சிலால் எழுதியவை, எழுத்துப்பிழை மலிந்தவை, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு எழுதியவை. பால் போதவில்லை, இரவெல்லாம் அழுகிறது, முந்தைய குழந்தை ஏன் இறந்தது என்று யாரும் சொல்லவில்லை. அவற்றைப் படித்துப் பதில் எழுதிய பெண்கள் வெறும் புத்தகத்தை உறையில் போட்டு அனுப்பியதோடு நிற்கவில்லை. வறுமையில் வாடியவர்களுக்குச் சில சமயம் தங்கள் கைக்காசைப் போட்டுக் குழந்தைத் துணிகளையும் சேர்த்து அனுப்பினார்கள்.