லாந்துக் கரையும் பொய்க்கால் இடையரும்

பிரான்சு தேசத்தின் தென்மேற்கே, ஜிரோந்து கழிமுகத்திலிருந்து தெற்கு நோக்கி நேராக நீண்டு கிடப்பது லாந்துக் கரை. முன்னாளில் அதன் உட்புறம் பெரும்பாலும் சதுப்பு வெளியே. மணலுக்கடியில் இறுகிய கற்படை மழைநீரைக் கீழிறங்க விடாது. ஆதலின் இடையர் பொய்க்கால் பூட்டியே செம்மறி மேய்த்தனர்; நீண்ட கோலொன்றிற் சாய்ந்து நின்றவாறே கம்பளிக் காலுறையும் பின்னினர். மேய்ச்சல் நிலம் ஊர்ப்பொது. அந்த ஆட்டெருவே அவர்தம் ரை தானியத்துக்கு உரம். அரசினர் அதனைத் தரிசு என்றனர். இடையனுக்கோ அது தரிசன்று.

1857ஆம் ஆண்டு மூன்றாம் நெப்போலியனின் அரசு, வடிகால் வெட்டிப் பொதுநிலங்களில் மரம் நடுமாறு ஊர்களுக்குச் சட்டம் விதித்தது. அதற்கு ஊர்களிடம் பணம் ஏது? நிலத்தின் பெரும்பகுதி விலைப்பட்டது. 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டு அங்கிருந்து வரும் பிசின் தடைப்படவே, பைன் பிசினின் விலை ஏறிற்று. நிலம் வாங்கியோர் செழித்தனர். மேய்ச்சல் இழந்த குடிகள் பலர் அம்மரங்களைக் கீறிப் பிசின் வடிக்கும் தொழிலாளராயினர். காட்டுக்குத் தீ வைத்தனர் என்ற பழியும் இடையர்மேல் விழுந்தது.

1949 ஆகஸ்டில் மூண்ட பெருந்தீயில் 82 பேர் மாண்டனர். பிசின் தொழிலும் பின்னர் நலிந்தொழிந்தது. இன்று அம்மரங்கள் பலகைக்கும் காகிதத்துக்கும் செல்கின்றன. காடு வெட்டிய இடங்களிற் சோளம் விளைகிறது. பொய்க்காலை விழாநாட் கூத்துகளிலேயே காணலாம்.