மின்னணுச் சுற்று வடிவமைப்பில் இடர் மதிப்பீடு

மின்னணுச் சுற்று (இலங்கை வழக்கு: இலத்திரனியல் சுற்று) வடிவமைப்பில் இடர் மதிப்பீடு என்பது, ஒரு சுற்று எவ்வாறு, எச்சூழலில், எந்த அளவுக்குப் பழுதடையக்கூடும் என்பதை அது பயன்பாட்டுக்கு வருமுன் கணிக்கும் பொறியியல் முறையாகும். வடிவமைப்பாளர் ஒருவர் தம் சுற்றுகளில் பழுதைக் கண்டதில்லை என்பது, அவை பாதுகாப்பானவை என்பதற்குப் போதிய சான்றாகாது. ஆகவே கணக்கீடு, தரவுத்தாள், சோதனை, பிறரது பழுதுப் பதிவுகள் ஆகியவையும் அனுபவத்துடன் சேர்த்துக் கருதப்படுகின்றன.

தனி அனுபவத்தின் எல்லை

ஆயிரத்தில் ஒன்று பழுதடையும் இயல்புடைய சுற்றில் 50 செய்து பார்த்தவர், ஒரு பழுதையும் காணாதிருப்பதற்கான நிகழ்தகவு ஏறத்தாழ 95 விழுக்காடு. அதே சுற்று 10,000 எண்ணிக்கையில் உற்பத்தியானால் சராசரியாக 10 பழுதடையும்.

புள்ளியியலில் இதற்கு "மூன்றின் விதி" எனும் எளிய கணிப்பு உண்டு. சோதித்தவற்றுள் ஒன்றும் பழுதடையவில்லையெனில், 3 ஐச் சோதித்த எண்ணிக்கையால் வகுக்கக் கிடைப்பது, 95 விழுக்காடு நம்பிக்கை அளவில், பழுது வீதத்தின் மேல் எல்லையாகும். எனவே 30 சுற்றுகள் பழுதின்றி இயங்கினாலும், உண்மையான பழுது வீதம் 10 விழுக்காடு வரை இருக்கக்கூடும்.

எடுத்துக்காட்டு: துவாக்குடி

திருச்சிராப்பள்ளியை அடுத்த துவாக்குடியில் தேசிய தொழில்நுட்பக் கழகமும் சிட்கோ தொழிற்பேட்டையும் அமைந்துள்ளன. ஆய்வுக்கூட மேசையில் ஒழுங்காக இயங்கும் ஒரு சுற்று, அருகிலுள்ள பட்டறையில் வேறொரு சூழலை எதிர்கொள்கிறது.

12 வோல்ட்டு உள்ளீட்டிலிருந்து 5 வோல்ட்டு தரும் 7805 மின்னழுத்தச் சீராக்கி, 0.2 ஆம்பியர் வழங்கும்போது 7 × 0.2 = 1.4 வாட்டு வெப்பத்தை வெளியிடும். வெப்பத் தணிப்பான் இல்லாதபோது ஒரு வாட்டுக்குச் சுமார் 65 °செ உயர்வு எனக் கொண்டால், சில்லின் உள்வெப்பநிலை சூழலைவிட 91 °செ கூடுதலாகும்.

* 25 °செ ஆய்வுக்கூடத்தில்: 25 + 91 = 116 °செ. இது 125 °செ இயக்க எல்லைக்குள் உள்ளது.
* 40 °செ கோடையில், உட்புறம் மேலும் 10 °செ சூடேறிய மூடிய பெட்டியில்: 50 + 91 = 141 °செ. இது எல்லையைக் கடந்தது.

அதே மின்வழியில் பற்றவைப்பு இயந்திரங்கள் இயங்கினால் மின்னழுத்தத் தாழ்வும் மின்காந்த இரைச்சலும் சேரும். மின்பகு மின்தேக்கியின் ஆயுள், வெப்பநிலை 10 °செ கூடும்தோறும் ஏறத்தாழப் பாதியாகும். இத்தகைய பழுது சில ஆண்டுகளுக்குப் பின்னரே வெளிப்படுவதால், வடிவமைத்தவர் அதை அறியாமலே போகலாம்.

சந்திரயான்-1

முன்னனுபவம் இல்லாத சூழலுக்கு வடிவமைப்பதன் இடரைச் சந்திரயான்-1 விண்கலம் காட்டுகிறது. மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநராக இருந்த இக்கலம், 2008 அக்டோபர் 22 அன்று ஏவப்பட்டது. நிலவிலிருந்து 100 கி.மீ. உயரத்தில் வெப்பநிலை சுமார் 75 °செ இருக்கும் எனக் கருதப்பட்டிருந்தது; உண்மையில் அதைவிடக் கூடுதலாக இருந்தது. 2009 மே மாதத்தில் சுற்றுப்பாதை 200 கி.மீ.க்கு உயர்த்தப்பட்டது. கலத்தின் திசையறியும் விண்மீன் உணரிகளும் செயலிழந்தன. இரண்டு ஆண்டுகளுக்குத் திட்டமிடப்பட்ட கலத்துடனான தொடர்பு 2009 ஆகத்து 29 அன்று அறுந்தது. எனினும் அதன் முதன்மை நோக்கங்களிற் பெரும்பாலானவை அதற்குள் நிறைவேறியிருந்தன.

முறைகள்

* எல்லைக்குக் கீழ் இயக்குதல்: உறுப்புகளை அவற்றின் உச்ச மின்னழுத்தம், திறன், வெப்பநிலை ஆகியவற்றுக்குப் போதிய அளவு கீழே பயன்படுத்துதல்.
* மிக மோசமான நிலைப் பகுப்பாய்வு: எல்லா உறுப்புகளும் தத்தம் பிழை வரம்பின் ஓரத்தில் இருப்பதாகக் கொண்டு கணக்கிடுதல்.
* பழுது வகை மற்றும் விளைவுப் பகுப்பாய்வு: ஒவ்வோர் உறுப்பும் பழுதடைந்தால் என்ன நிகழும் என வரிசையாக ஆராய்தல். 1949 இல் அமெரிக்கப் படைத்துறை இதற்கு நெறிமுறை வகுத்தது.
* சூழல் சோதனை: வெப்பம், ஈரப்பதம், அதிர்வு, மின்காந்த இடையூறு ஆகியவற்றுக்கு உட்படுத்துதல். சென்னையிலுள்ள சமீர் மின்காந்தவியல் மையம் மின்காந்த ஒத்திசைவுச் சோதனைகளைச் செய்துவருகிறது.

குறைபாடுகள்

கணக்கீடும் அதன் எடுகோள்கள் சரியாக இருக்கும் அளவுக்கே சரியாகும். பழைய பதிவுகளிலிருந்து திரட்டிய பழுது வீதங்கள் புதிய உறுப்புகளுக்குப் பொருந்தாமல் போகலாம். ஆகவே எடுகோள்களை எழுதிவைத்து, அவற்றை அவ்வடிவமைப்பில் ஈடுபடாத மற்றொருவர் சரிபார்ப்பது நல்ல நடைமுறையாகக் கருதப்படுகிறது.

இவற்றையும் பார்க்க

* நம்பகத்தன்மைப் பொறியியல்
* மின்பகு மின்தேக்கி
* சந்திரயான்-1