பூட்டோடு பிறந்த போன்

2017 ஜனவரியில் சியோமியின் ரெட்மி நோட் 4 இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது அடிப்படை மாடலின் விலை 9,999 ரூபாய். ஃபிளாஷ் சேலில் நிமிடக் கணக்கில் தீர்ந்துபோகும். சியோமிக்காக ஃபாக்ஸ்கான் நடத்திய போன் ஆலை, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி ஆந்திரத்து ஸ்ரீசிட்டியில் இருந்தது. வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். டெவலப்பர்கள் இந்த மாடலை மிடோ என்ற குறிப்பெயரால் அழைப்பார்கள். நாமும் அப்படியே அழைப்போம்.

தாமிரபரணிக் கரை ஊர்களில் இப்படிப்பட்ட போனின் வாழ்க்கை பெரும்பாலும் ஒரே மாதிரிதான். முதலில் பாளையங்கோட்டைக் கல்லூரிக்குப் போகும் மகன், அடுத்து கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் அப்பா, கடைசியில் யூடியூப் பார்க்க ஆச்சி. அதற்குள் கம்பெனியின் ஆண்ட்ராய்டு மேம்பாடு ஏழாம் பதிப்போடு நின்றுவிட்டது. பேட்டரியும் திரையும் நன்றாக இருக்கும்போதே செயலிகள் ஒவ்வொன்றாகக் கைவிரிக்க, போன் அலமாரிக்குப் போகிறது.

இத்தனைக்கும் உள்ளே இருக்கும் சில்லு லேசுப்பட்டதல்ல. குவால்காமின் ஸ்னாப்டிராகன் 625. கோர்டெக்ஸ் ஏ53 வகைக் கோர்கள் எட்டு, 2 கிகாஹெர்ட்ஸ் வேகம். 2016இல் வந்த ராஸ்பெர்ரி பை 3 என்ற சிறு கணினிப் பலகையிலும் இதே ஏ53தான். ஆனால் நான்கே கோர், 1.2 கிகாஹெர்ட்ஸ், 1 ஜிபி ரேம். ஆக மிடோ, திரையும் பேட்டரியும் சேர்ந்தே வரும், அந்தப் பையைவிட வலுவான ஒரு கணினி. வித்தியாசம் வேறு இடத்தில். பை வாங்கியவர் தனக்குப் பிடித்த இயங்குதளத்தை மெமரி கார்டில் எழுதிச் செருகினால் போதும். மிடோவில் இயங்குதளத்தை ஏற்றும் பூட்லோடரோ, தயாரிப்பாளர் கையெழுத்திட்டதைத் தவிர வேறெதையும் ஓட்டாது. திறக்க வேண்டுமென்றால் கம்பெனிக் கணக்கு, சிம், விண்டோஸ் கணினி, அதற்குமேல் காத்திருப்பு: 72 மணி நேரம், சிலருக்கு 15 நாள்வரை இருந்ததுண்டு. சொந்த வீட்டுச் சாவிக்கு மனுப் போட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பதுபோல.

திருநெல்வேலி வண்ணாரப்பேட்டை, ஜங்ஷன் பக்கத்துக் கடைகளில் கேட்டால், "சாஃப்ட்வேர் போடணும் அண்ணாச்சி, உள்ள இருக்கதெல்லாம் போயிரும், பரவால்லயா?" என்பார்கள். இடுக்கியால் போர்டில் இரண்டு புள்ளிகளைத் தொட்டு, குவால்காமின் 9008 என்ற அவசர வழிக்குள் போனைத் தள்ளி, கம்பெனியின் பழைய கோப்பையே மறுபடி ஏற்றிவிடும் வித்தை தெரிந்தவர்கள் உண்டு. பூட்டு தடுப்பது முக்கியமாக உரிமையாளரைத்தான் என்று தோன்றுகிறது. திருட்டைத் தடுக்கவும் தரவைக் காக்கவும் அது காவல் என்ற வாதத்தை நான் ஒதுக்கவில்லை. ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்ற நாளிலிருந்து அந்தக் காவலுக்கு என்ன பொருள்? ஆதரவு முடியும் தேதியில் பூட்டும் தானாகத் திறக்க வேண்டும் என்று சட்டமே போடலாம்.

மிடோ பிழைத்ததற்குக் காரணம் ஓர் உரிமம். ஆண்ட்ராய்டின் அடியில் ஓடும் லினக்ஸ் கெர்னல், ஜிபிஎல் இரண்டாம் பதிப்பின்கீழ் வருவது. அதை விநியோகிப்பவர் மூலநிரலையும் தந்தாக வேண்டும். சியோமி மிடோவின் 3.18 கெர்னலை கிட்ஹப் தளத்தில் வைத்தது. அதை வைத்துத்தான் ஊதியம் வாங்காத ஆர்வலர்கள் லீனியேஜ் ஓஎஸ் என்ற ஆண்ட்ராய்டு வகை வழியாக ஆண்ட்ராய்டு 10, 11 என்று இந்தப் போனை இழுத்துச் சென்றார்கள். கேமரா போன்றவற்றின் மூடிய கோப்புகளை மட்டும் கம்பெனியின் பழைய மென்பொருளிலிருந்து உருவியெடுத்துச் சேர்த்தார்கள். (பூட்டு திறந்த போனில் வங்கிச் செயலிகள் சில முரண்டு பிடிக்கும், அந்தத் தொல்லைக்கு முடிவே இல்லை.)

மிடோ வந்த அதே 2017இன் மே மாதம் ஆலிவர் ஸ்மித் என்பவர் போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ்ஸை அறிவித்தார். ஒரு ஸ்மார்ட்போன் பத்தாண்டு உழைக்க வேண்டும் என்பது நோக்கம். அது ஆண்ட்ராய்டே அல்ல, ஆல்பைன் லினக்ஸ். மிடோவிலும் ஓடுகிறது. கிராஃபிக்ஸுக்கு, ராப் கிளார்க் என்பவர் 2012 வாக்கில் குவால்காமின் கிராஃபிக்ஸ் பகுதியைத் துருவித் துருவி எழுதத் தொடங்கிய ஃப்ரீட்ரினோ இயக்கி. அம்பாசமுத்திரம் பக்கத்துப் பள்ளிக்குக் கணினிப் பலகை வாங்க நினைப்பவர்கள், யூஎஸ்பி கேபிளால் கணினியோடு இணைத்து அமைத்து, வைஃபையில் பாடங்களைப் பரிமாறும் சர்வராக முதலில் மிடோவைப் பார்க்கலாம். உணரிகளை நேராகச் செருகப் பையில் உள்ள 40 ஊசிகள் இதில் கிடையாது. எந்நேரமும் சார்ஜரில் கிடந்தால் பேட்டரி உப்பும், கவனம் வேண்டும்.

முழு விடுதலை பை, மிடோ இரண்டுக்கும் இல்லை. பையில் மின்சாரம் பாய்ந்ததும் முதலில் விழிப்பது ஏஆர்எம் கோர் அல்ல, பிராட்காமின் மூடிய நிரலை ஓட்டும் கிராஃபிக்ஸ் பகுதி. மிடோவில் மோடமும் வைஃபையும் இன்றும் குவால்காமின் மூடிய நிரலில்தான் ஓடுகின்றன. 4ஜி வழிக் குரல் அழைப்பான வோல்டிஇ அந்த மூடிய பகுதியைச் சார்ந்தது. ஜியோவுக்கோ பழைய 2ஜி, 3ஜி குரல்வழி கிடையாது. அதனால் போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ் ஏற்றிய மிடோவில் ஜியோ சிம்மைப் போட்டு ஆச்சியைக் கூப்பிடலாம் என்று யாரும் எண்ண வேண்டாம்.