மன்னிப்பவர் யார்?

2018-ஆம் ஆண்டு, மே 24-ஆம் நாள். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் டொனால்ட் டிரம்ப் வெள்ளை மாளிகையிலே ஒரு மன்னிப்பு ஆணையில் கையொப்பமிட்டார். மன்னிக்கப்பட்டவர் நன்றி கூற வரவில்லை, வர இயலாது. அவர் மாண்டு ஏறத்தாழ எழுபத்திரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டன. அவர் பெயர் ஜாக் ஜான்சன். குத்துச்சண்டையிலே ‘ஹெவிவெயிட்’ எனப்படும் மிகு எடைப் பிரிவின் உலக வாகையை முதன்முதல் சூடிய கறுப்பர்.

இந்தச் செய்தியை வகுப்பிலே எடுத்துரைத்தபோது மாணவன் ஒருவன் எழுந்து கேட்டான்: “ஐயா, அவர் நல்லவரா?”

எளிய கேள்விதான். ஆனால் ஜான்சனைப் பற்றி நூறாண்டுக்கு மேலாக நடந்துவரும் வழக்கு முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிக் கிடக்கிறது. நல்லவர் என்போர் புகழ்மாலை சூட்டுகின்றனர். அல்லர் என்போர் பழி தூற்றுகின்றனர். இரு சாராரும் ஒரே அளவுகோலைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். அந்த அளவுகோல் சரியானதா என்று பார்ப்போர் சிலரே. நாம் பார்ப்போம், தோழர்களே!

அடிமைகளாய் இருந்து விடுதலை பெற்ற பெற்றோருக்கு, டெக்சாஸ் மாநிலத்துக் கால்வெஸ்டன் துறைமுக நகரிலே, 1878-இல் பிறந்தவர் ஜான்சன். அவர் வளர்ந்த காலத்தில் குத்துச்சண்டைக் களத்திலே எழுதாச் சட்டம் ஒன்று இருந்தது. ‘நிறக்கோடு’ என்பது அதன் பெயர். எடை குறைந்த பிரிவுகளில் கறுப்பர் வாகை சூடலாம். ஜார்ஜ் டிக்சன் சூடினார். 1902-இல் ஜோ கான்ஸ் சூடினார். ஆனால் மிகு எடைப் பிரிவு மட்டும் கூடாது. ஏன்? அந்தப் பட்டத்தை உடையவன் உலகிலேயே வலிமை மிக்க ஆண்மகன் எனப் போற்றப்பட்டான். அந்த அரியணையில் கறுப்பன் அமர்ந்தால் வெள்ளையன் பிறப்பால் உயர்ந்தவன் என்ற கதை என்னாவது? சின்ன முடிகளைத் தரலாம், பெரிய முடியைத் தரலாகாது என்பதே அவர்கள் கண்ட நீதி!

பல ஆண்டுகள் வாய்ப்புக் கேட்டு அலைந்தார் ஜான்சன். அன்றைய வாகையர் ஜேம்ஸ் ஜெஃப்ரீஸ் கறுப்பரோடு பட்டத்துக்காக மோத மறுத்து, 1905-இல் தோல்வி காணாதவராய் ஓய்வு பெற்றார். பின்னர்ப் பட்டத்தைப் பெற்ற கனடா நாட்டு டாமி பர்ன்ஸ் என்பாரை இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் விடாது பின்தொடர்ந்தார் ஜான்சன். 1908 டிசம்பர் 26-இல், சிட்னி நகரிலே, பர்ன்சுக்கு 30,000 டாலர், ஜான்சனுக்கு 5,000 டாலர் என்ற ஏற்பாட்டில் போட்டி நடந்தது. பதினான்காம் சுற்றிலே காவல்துறை புகுந்து சண்டையை நிறுத்தியது. அதற்குள் முடிவு ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்துவிட்டது. வாகை கைமாறியது.

வெள்ளை உலகம் துடித்தது. களத்தருகே இருந்து செய்தி எழுதிய புகழ்பெற்ற எழுத்தாளர் ஜாக் லண்டன், பண்ணையை விட்டு வெளியே வந்து ஜான்சனை வீழ்த்துமாறு ஜெஃப்ரீசுக்கு அழைப்பு விடுத்தார். உழைப்பாளருக்காக எழுதிய பேனா, நிறம் என்றதும் எந்தப் பக்கம் சாய்ந்தது பார்த்தீர்களா? ஜெஃப்ரீசும் வந்தார். 1910 ஜூலை 4, அமெரிக்க விடுதலை நாள், நெவாடா மாநிலத்து ரீனோ நகரம், சுட்டெரிக்கும் வெயில். பதினைந்தாம் சுற்றிலே, அதுவரை வீழ்ந்தறியாத ஜெஃப்ரீஸ் மீண்டும் மீண்டும் தரையில் வீழ்ந்தார். அன்றிரவு பல நகரங்களில் கறுப்பர்கள் தாக்கப்பட்டனர், பலர் உயிரிழந்தனர். களத்தில் ஒருவரை வெல்ல இயலாதவர்கள் தெருவிலே பலரைப் பழி வாங்கினார்கள். அந்தச் சண்டையின் படம் பல ஊர்களில் தடை செய்யப்பட்டது. குத்துச்சண்டைப் படங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்லலாகாது என்று 1912-இல் சட்டமே வந்தது. 1940 வரை அது நீடித்தது. உண்மையைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்வது ஆதிக்கத்தின் பழைய பழக்கமன்றோ!

கையால் வீழ்த்த முடியாதவரைச் சட்டத்தால் வீழ்த்தினர். ஜான்சன் வெள்ளைப் பெண்களைக் காதலித்தார், மணந்தார். அதை மறைக்கவும் இல்லை. பெண்களைத் தீய நோக்கத்துக்காக மாநில எல்லை கடத்துவதைத் தடுக்க 1910-இல் இயற்றப்பட்ட மேன் சட்டம் அவர்மீது ஏவப்பட்டது. 1913-இல், வெள்ளையர் மட்டுமே அமர்ந்த ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. ஓராண்டும் ஒரு நாளும் சிறைத்தண்டனை. நாட்டை விட்டு வெளியேறினார். 1915 ஏப்ரல் 5-இல் ஹவானா நகரில், தம் முப்பத்தேழாம் வயதில், இருபத்தாறாம் சுற்றிலே ஜெஸ் வில்லார்டிடம் பட்டத்தை இழந்தார். தாமே விட்டுக்கொடுத்ததாகப் பின்னர் சொன்னார். அதை நம்புவோர் மிகச் சிலரே. 1920-இல் தாயகம் திரும்பிச் சரணடைந்து, லெவன்வொர்த் சிறையில் தண்டனையைக் கழித்தார். 1946 ஜூனில் சாலை விபத்தில் மாண்டார்.

இனி வழக்குக்கு வருவோம். அவர்மீது சாட்டப்படும் குற்றங்கள் மூன்று.

முதலாவது, அவர் கலையில் உயர்ந்தவர் அல்லர், தாக்காமல் காத்துக்கொண்டே நின்றவர் என்பது. ஜான்சன் அவசரப்படாதவர். எதிரியின் குத்தைக் கையுறையிலே ஏந்தி, வலுவை வீணடிக்கச் செய்து, எதிர்க்குத்தால் தளர்த்துவது அவர் முறை. வெள்ளையரான ஜேம்ஸ் கார்பெட் நிதானமாக ஆடியபோது அது ‘அறிவியல் முறை’ என்று பாராட்டப்பட்டது. கறுப்பர் செய்தபோது கோழைத்தனம், சோம்பல் எனப்பட்டது! ‘தி ரிங்’ ஏட்டை 1922-இல் தொடங்கி நடத்திய நாட் ஃபிளெய்ஷர், மிகு எடை வீரர் அனைவரிலும் ஜான்சனையே முதல்வராக வைத்தார். முதல் குற்றச்சாட்டு இத்துடன் தள்ளுபடி.

இரண்டாவது குற்றச்சாட்டு, பின்வந்த கறுப்பர்களின் வழியை அவரது ஆணவமே அடைத்தது என்பது. 1915-க்குப் பின், 1937 ஜூனில் ஜோ லூயி பட்டம் பெறும் வரை, இருபத்திரண்டு ஆண்டுகள் எந்தக் கறுப்பருக்கும் அந்தப் பட்டத்துக்கான போட்டி கிட்டவில்லை. ஆகவே கறுப்பர்களிலேயே பலர் ஜான்சனை நொந்தனர். புக்கர் வாஷிங்டன் அவரைக் கண்டித்தார். டூபாய்ஸ் மட்டும் 1914-இல், இந்த வெறுப்புக்குக் காரணம் ஜான்சனின் நடத்தையன்று, நிறமே என்று எழுதினார்.

இருவரில் எவர் சொல் மெய்? வரலாறே சான்று தருகிறது. ஜான்சனுக்கு முன்னால் பீட்டர் ஜாக்சன் என்றொரு கறுப்பர் இருந்தார். 1891-இல் கார்பெட்டோடு அறுபத்தொரு சுற்று மோதிச் சமன் செய்தவர். அடக்கமானவர், பண்பாளர் எனப் பகைவரும் போற்றியவர். அவரோடு மோத அன்றைய வாகையர் ஜான் சல்லிவன் மறுத்தார். மறு ஆண்டு பட்டம் பெற்ற கார்பெட்டும் அவருக்குப் பட்டப் போட்டி தரவில்லை. நல்ல நடத்தையே திறவுகோல் என்றால், ஜாக்சனுக்கு ஏன் கதவு திறக்கவில்லை? ஜான்சன் பிறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தபோதும் அந்தக் கதவு பூட்டித்தான் இருந்தது. பூட்டியவனை விட்டுவிட்டுத் தட்டியவனைக் குறை கூறுவது எந்த நியாயம்?

ஜோ லூயிக்கு வாய்ப்புக் கிடைத்ததே, அதன் விலை என்ன? வெள்ளைப் பெண்ணோடு படம் எடுத்துக்கொள்ளாதே, வீழ்ந்த வெள்ளையன் முன்னே சிரிக்காதே என்றெல்லாம் அவரைப் பழக்கினார்கள். வெள்ளை வீரர் எவரிடமும் கேட்கப்படாத வரி அது.

மூன்றாவது குற்றச்சாட்டு கடுமையானது. அதை மறைப்பது பகுத்தறிவாளர்க்கு அழகன்று. பட்டம் பெறும் முன் ஜான்சன் சாம் லாங்ஃபோர்டோடும் ஜோ ஜெனட்டோடும் மோதியவர். 1906-இல் தம்மைவிட எடை மிகக் குறைந்த லாங்ஃபோர்டைப் புள்ளிகளில் வென்றார். ஆனால் முடி சூடியபின் அவ்விருவருக்கும் பட்டப் போட்டி தரவே இல்லை. வெள்ளையரோடு மோதினால்தான் பணம் மிகுதி. 1913 டிசம்பரில் பாரிசில் ஒரே ஒரு கறுப்பருக்கு, பேட்லிங் ஜிம் ஜான்சனுக்கு, வாய்ப்புத் தந்தார். அது சமனில் முடிந்தது. தம்மைத் தடுத்த அதே நிறக்கோட்டைத் தாமே பிடித்துக் காத்தார்! லாங்ஃபோர்ட் பட்டப் போட்டியே காணாமல், பார்வையிழந்து, 1956-இல் மறைந்தார். வீட்டிலும் ஜான்சன் குற்றமற்றவர் அல்லர். மனைவி எட்டா அவர் கையால் அடிபட்டவர். 1912-இல் அந்தப் பெண் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

இந்தக் குற்றம் மெய்யே. ஆனால் இதை எவரிடம் எடுத்துச்சொல்லி நியாயம் கேட்பது? 1913-இல் அவரைத் தண்டித்த மன்றம் லாங்ஃபோர்டுக்காகவும் எட்டாவுக்காகவும் கூடியதன்று. அவர் எந்தக் கோட்டைத் தாண்டினார் என்பதுதான் அதற்குக் கவலை.

மாணவனுக்கு நான் சொன்ன விடை இதுதான்: “தம்பி, அவர் முழு நல்லவர் அல்லர். ஆயினும் நல்லவன் என்று மெய்ப்பித்தால்தான் மனிதனாக நடத்துவோம் என்று ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தைப் பார்த்துச் சொல்ல உரிமையில்லை. உரிமை நன்னடத்தைக்குத் தரும் பரிசன்று.”

ஜான்சனுக்குக் கோயில் வேண்டாம். சிலைக்குக் கற்பூரம் காட்டும் வேலை நமக்கில்லை. நிறக்கோடு இயற்கை போட்டதன்று, மனிதன் போட்டது என்பதைக் கைமுட்டியால் மெய்ப்பித்தவர் என்று எழுதுவோம். அந்தக் கோட்டைக் கடந்தவுடன் பின்னால் வந்தோரை மறந்தவர் என்று அதற்கடுத்த வரியிலேயே எழுதுவோம். இரண்டும் சேர்ந்ததே வரலாறு.

2018-இல் அரசு அவரை மன்னித்தது. நல்லது. ஆனால் மன்னிக்கும் உரிமை தீங்கு அடைந்தவருக்கே உண்டு. ஜான்சனை மன்னிக்கவேண்டியவர் லாங்ஃபோர்ட்; மன்னிக்கவேண்டியவர் எட்டா. அமெரிக்க அரசை மன்னிக்கவேண்டியவரோ ஜான்சன். அவரிடம் கேட்க எவரும் இல்லை. கேட்கவேண்டிய நாளில் கேட்காமல் விட்டார்கள். இன்று அவர் கல்லறையில் இருக்கிறார்.