பேராதனை: கண்டியின் வாயிலில் ஒரு கலாநகரம்

இலங்கையின் இராசதானிகளுள் இறுதியாக அந்நியர் ஆட்சிக்கு உட்பட்டது கண்டி. கரையோரப் பகுதிகளைப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் ஒருவர்பின் ஒருவராக ஆண்ட காலத்தும், மலைகளையும் மகாவலி கங்கையையும் அரணாகக் கொண்டு அந்நகர் 1815 ஆம் ஆண்டுவரை தன் அரசைக் காத்து நின்றது. அப்பழம்பதிக்குத் தென்மேற்கே ஏறக்குறைய நான்கு மைல் தொலைவில், அதே கங்கையின் கரையிலே, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒரு புதிய ஊர் எழுந்தது. கல்வியின் பொருட்டே வகுக்கப்பட்ட ஊர் அது. பேராதனையில் அமைந்த அந்தக் கலாநகரம் எவ்வாறு தோன்றிற்று, அதனை வகுத்தோர் எதனை நாடினர், நாடியது கைகூடிற்றா என்பவற்றை நேயர்களுக்கு எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கமாகும்.

இந்நாட்டுக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்ற கோரிக்கை 1906 ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கம் தோன்றியதோடு வலுப்பெற்றது. அம்முயற்சியில் முன்னின்றவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். கலாயோகி ஆனந்த குமாரசுவாமியும் அதற்குத் துணைநின்றார். பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1921 ஆம் ஆண்டு சனவரி மாதத்திற் கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. எனினும் அங்குப் பயின்றோர் எழுதியவை இலண்டன் பல்கலைக்கழகத்தின் பரீட்சைகளே. நாட்டுக்குரிய பட்டத்தை நாடே வழங்கும் நாளைக் காணாமலே 1924 இல் அருணாசலம் மறைந்தார்.

பல்கலைக்கழகம் வேண்டும் என்பதில் ஒன்றுபட்டவர்கள், அஃது எங்கே அமைய வேண்டும் என்பதிற் பிளவுபட்டனர். இவ்விவாதம் கல்வி வரலாற்றில் ‘இடப்போர்’ என்றே பெயர்பெற்றுவிட்டது. வைத்தியக் கல்லூரியும் பெரிய வைத்தியசாலையும் நீதிமன்றங்களும் கொழும்பிலேயே உள்ளன. அங்கு வாழும் மாணவர் வீட்டிலிருந்தே சென்று குறைந்த செலவிற் படிக்கலாம் என்றனர் ஒரு சாரார். தலைநகரின் சந்தடியில் மாணவன் விரிவுரை கேட்டு வீடு திரும்புவானேயன்றிச் சக மாணவருடன் கூடி வாழான். குளிர்ந்த மலைநாட்டில், பண்பாட்டுப் பெருமைமிக்க கண்டியின் அருகே, மாணவரும் ஆசிரியரும் ஒருங்கு வதியும் கழகமே வேண்டும் என்றனர் மறுசாரார். பத்திரிகை அதிபர் டீ. ஆர். விஜயவர்த்தனா கண்டிக்காக ஓயாது வாதாடினார். ஈற்றிற் கண்டியே வென்றது.

முதலிற் கருதப்பட்டது கண்டிக்கு அண்மையிலுள்ள தும்பறைப் பள்ளத்தாக்கு. பின்னர், 1930 களின் இறுதியில், அது கைவிடப்பட்டுப் புதிய பேராதனைத் தோட்டம் தெரிவுசெய்யப்பட்டது. கிழக்கே ஹந்தானை மலை, இடையே மகாவலி, அருகே 1821 ஆம் ஆண்டு முதல் வளர்க்கப்பட்டு வரும் தாவரவியற் பூங்கா. 1940 ஆம் ஆண்டிற் பிரித்தானிய நகரமைப்பு வல்லுநராகிய சேர் பற்றிக் அபர்குறொம்பி, கிளிபட் ஹொலிடே என்பாருடன் சேர்ந்து இவ்விடத்துக்குரிய திட்டத்தை வரைந்தார். பிற்காலத்தில் 1943, 1944 ஆம் ஆண்டுகளில் இலண்டன் மாநகரின் மீளமைப்புக்குத் திட்டம் வகுத்தவரும் இவரே. கட்டடங்களை உருவாக்கும் பொறுப்பு நம் நாட்டுக் கட்டடக் கலைஞர் ஷேர்லி டி அல்விஸ் அவர்களிடம் வந்தது.

இத்திட்டத்தின் சிறப்பு யாதெனில், நிலத்தைச் சமப்படுத்திச் சதுரங்கப் பலகைபோற் கட்டடங்களை நிரைப்படுத்தாமல், மலைச்சரிவும் ஆற்று வளைவும் காட்டிய வழியே ஊரை அமைத்ததாகும். விரிவுரை மண்டபங்கள், நூலகம், மாணவர் விடுதிகள், ஆசிரியர் இல்லங்கள், விளையாட்டரங்கு ஆகிய யாவும் ஒரே ஊரின் உறுப்புகளாக எண்ணப்பட்டன. மூதவைக் கட்டடத்தின் கற்றூண்களிலும் கூரைகளின் சாய்விலும் பழைய இராசதானிகளின் சிற்பமரபு தெரிகின்றது. நாளடைவில் நான்கு சமயத்தாரின் வழிபாட்டிடங்களும் அங்கே எழுந்தன. குன்றின்மேல் நிற்கும் குறிஞ்சிக் குமரன் கோயில் நம்மவர் நன்கறிந்தது.

திட்டம் தாளில் இருக்கையிலேயே உலகப்போர் குறுக்கிட்டது. பேராதனைப் பூங்காவே 1944 இல் மவுண்ட்பேட்டன் பிரபுவின் படைத்தலைமையகமாயிற்று. ஆயினும் 1942 ஆம் ஆண்டு யூலை மாதம் முதலாந் திகதி இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பிலே சட்டப்படி தோன்றியது. முதல் உபவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ். மாணவர் தொகை 904. அடுத்த ஆண்டிலே தமிழ்ப் பேராசிரியராக வந்தவர் சுவாமி விபுலாநந்தர். சிதம்பரத்தின் அருகே 1929 இல் எழுந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முன்னர்த் தமிழ்ப் பேராசிரியராய் இருந்தமையால், பழம்பதியின் அயலில் ஒரு கல்வி நகர் வளர்வதை அவர் நேரிற் கண்டவர். பேராதனையிற் கற்பிக்கும் பேறோ அவருக்குக் கிட்டவில்லை. 1947 இல் அடிகள் மறைந்தார். 1949 இற் சிறு தொகையினர் பேராதனைக்குச் சென்றனர். 1952 இற் கலைப்பீடம் சென்றது. 1954 ஆம் ஆண்டு ஏப்பிரல் 20 ஆந் திகதி, எலிசபெத் மகாராணியார் வருகைதந்த வேளையில், திறப்புவிழா நடைபெற்றது.

ஒருங்கு வதிதல் என்ற கொள்கை பலன் தந்ததா? தந்தது என்பதற்கு அரங்கக் கலையே சாட்சி. பேராசிரியர் சரச்சந்திர அவர்கள் பேராதனை மாணவரைக்கொண்டு ஆக்கிய ‘மனமே’ என்னும் சிங்கள நாடகம் 1956 இல் அரங்கேறிற்று. தொடர்ந்து கலாநிதி சு. வித்தியானந்தன் நம் நாட்டுக்கூத்தைக் கையேற்றார். விடிய விடிய ஆடப்பட்ட கூத்து, மாணவர் கையிற் செறிவுற்று, ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலி வதை’ என 1962 க்கும் 1968 க்கும் இடையே மேடையேறியது. மட்டக்களப்பின் களரியில் ஆடப்பட்ட கலை பல்கலைக்கழக அரங்கில் மதிப்புப் பெற்றது. ஒரு மொழியார் செய்ததை மற்ற மொழியார் அருகிருந்து காண வாய்த்தமையும் அதற்கு ஒரு காரணமாகும்.

ஆயின் ஊரை வகுப்பவர் வருங்காலம் முழுவதையும் வகுத்துவிடல் இயலாது. 1960 இற் கலைப்பீடத்திற் சிங்களமும் தமிழும் போதனாமொழிகளாயின. கிராமத்துப் பிள்ளைகளும் பெருந்தொகையாக வரத் தொடங்கினர். சிலருக்கென எண்ணிய விடுதிகள் பலருக்குப் போதாவாயின. இந்நெருக்கடியைக் கழகத்தின் வீழ்ச்சியென்பது பொருந்தாது; வாயில் அகலத் திறந்ததன் விளைவே அது. அதனினுங் கொடிய சோதனைகள் பின்னர் வந்தன. 1983 ஆம் ஆண்டு மே மாதத்தில் தமிழ் மாணவர் விடுதிகளிலே தாக்கப்பட்டு அங்கிருந்து வெளியேறினர். 1989 இற் கொல்லப்பட்ட இளைஞரின் தலைகள் பல்கலைக்கழக வளாகத்துக் குளமொன்றைச் சுற்றி வைக்கப்பட்டிருந்தன. கூடிவாழ்வதற்கென்றே கட்டிய ஊரில் இவை நிகழ்ந்தன என்பதை மறைத்தல் வரலாறாகாது. கல்லையும் மரத்தையும் ஒருமுறை வகுத்து வைத்தாற் போதும். அயலவனை அயலவனாக மதிக்கும் பழக்கத்தையோ ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகக் கற்றாக வேண்டும்.

1979 முதல் பேராதனைப் பல்கலைக்கழகம் என்னும் தனிப்பெயருடன் விளங்கும் அக்கழகத்தில் மாணவர் தொகை இன்று பதினாயிரத்தை விஞ்சியுள்ளது. கண்டி செல்லும் புகையிரதம் பேராதனையைக் கடந்ததும் ‘சரசவி உயன’ என்றொரு சிறு நிலையம் வரும். கலைமகள் பூங்கா என்பது அதன் பொருள். அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் அருணாசலத்தின் பெயர் தாங்கிய விடுதியைக் காணலாம். அவர் கேட்ட பல்கலைக்கழகம் எழுந்துவிட்டது. அதில் எல்லா ஊர்ப் பிள்ளைகளும் அச்சமின்றி ஒரே கூரையின்கீழ் உறங்கி எழுவதே அதனை வகுத்தோரின் விருப்பம். அதனைக் காக்கும் கடமை அங்குக் கற்போருக்கும் கற்பிப்போருக்கும், தம் பிள்ளைகளை அங்கு அனுப்பும் நமக்கும் உரியது.