மானிப்பாய் வைத்தியசாலையும் தமிழும்

தமிழில் விஞ்ஞானம் கற்பிக்கலாமா என்ற விவாதம் எழும்போதெல்லாம் மானிப்பாய் டாக்டர் கிறீனின் பெயரை மேடையில் முழங்குவது நம்மவர் வழக்கம். பெயரோடு பேச்சும் பெரும்பாலும் முடிந்துவிடும். அவர் ஏன் தமிழை நாடினார், அம்முயற்சி ஏன் நிலைக்கவில்லை என்னும் இரு வினாக்களை நாம் போதியளவு ஆராய்ந்தோமில்லை.

அமெரிக்க மிஷனார் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816இல். அவர்களுள் முதல் வைத்தியரான ஜோன் ஸ்கடர் 1820 முதல் பண்டத்தரிப்பிலே பணியாற்றினார். வேலூரில் பெண்களுக்கு வைத்தியக் கல்லூரி கண்ட ஐடா ஸ்கடர் இவருடைய பேர்த்தியே. சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் வந்தார். அடுத்த ஆண்டே மானிப்பாயில் வைத்தியசாலை அமைத்து, நோயாளரைப் பார்த்தவாறே மாணவரையும் பயிற்றத் தொடங்கினார். பணம் அமெரிக்கத் திருச்சபை மக்களின் நன்கொடை. நோக்கம் சமயம் பரப்புதல். இதனை நாம் மறைக்க வேண்டியதில்லை, அவரும் மறைத்தாரல்லர். தம் கல்லறையிலும் தமிழருக்கு வந்த வைத்திய ஊழியக்காரர் என்றே குறிக்கப்பட வேண்டுமென விரும்பியவர் அவர். மிஷன் கல்லூரியிற் படித்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் டான்போத், மில்ஸ் எனக் கடல் கடந்தோர் பெயர்களைத் தாங்கி நின்றதும் அக்காலத்து வழக்கமே. தருமம் தன் முத்திரையைக் குத்தாமற் போவதில்லை.

முதலாம் அணி மாணவர் ஆங்கிலத்திலேயே கற்றனர். அவர்களுட் பலர் வட்டுக்கோட்டை செமினரியிற் பயின்றவர்கள். திறமைக்குக் குறைவில்லை, ஆனால் ஆங்கிலம் கற்ற வைத்தியனுக்கு அரசாங்க உத்தியோகம் கைநீட்டி அழைத்தது. கிராமத்துக்கென உருவாக்கப்பட்டவன் கிராமத்தை விட்டுப் போனான். இந்த முரண்பாட்டைக் கிறீன் தெளிவாகவே உணர்ந்தார். தாயகம் சென்று 1862இல் மீண்டு வந்தவர், 1864இல் தமிழிலே வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். தமிழிற் படித்தவன் தன் ஊரிலே தங்குவான், சிறு வருவாயோடு தன் மக்களிடையே தொழில் செய்வான் என்பது அவர் கணிப்பு. எனவே தமிழ்ப்பற்று ஒன்றே காரணமெனக் கொள்வது பொருந்தாது. 1855இல் வந்த மிஷன் தூதுக்குழுவின் பின் செமினரி மூடப்பட்டு, சுதேச மொழிக் கல்வியே மிஷனின் கொள்கையாகியிருந்தமையும் அவருக்குத் துணை செய்தது. எனினும் வைத்தியனை ஊரில் நிறுத்துவது எவ்வாறு என்ற வினாவுக்கு மொழியிலே விடை தேடியவர் அவர் என்பது மனங்கொளத்தக்கது.

நூலின்றிப் பாடம் நடவாது. மாணவர் மொழிபெயர்ப்பதும் கிறீன் திருத்துவதுமாக அந்த வேலை நடந்தது. ‘பிரசவ வைத்தியம்’ 1857இலேயே வெளிவந்துவிட்டது. ‘இரண வைத்தியம்’ 1867இலும், ‘வைத்தியாகரம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’ இரண்டும் 1872இலும் வந்தன. இவற்றுட் கடைசி நூல் இலண்டனில் 1858இல் முதன்முதல் அச்சான கிறேயின் உடற்கூற்று நூலின் தமிழாக்கம். பதினான்கே ஆண்டுகளில் அது தமிழுக்கு வந்துவிட்டது. கலைச்சொல்லுக்கு முதலில் தமிழையும், அது போதாதபோது வடமொழியையும், இரண்டும் உதவாதவிடத்து ஆங்கில ஒலியையும் அவர் நாடினார். ‘கெமிஸ்தம்’ என 1875இல் வந்த இரசாயன நூலின் பெயரைக் கண்டு இன்று நாம் சிரிக்கலாம். ஆனால் சொல் கிடைக்கவில்லையென்று நூலை நிறுத்தி வைக்காத துணிவு அதில் உண்டு. வாந்திபேதி கிராமங்களைச் சூறையாடிய அந்நாளில் அதுபற்றிய சிறு பிரசுரங்களும் தமிழிலே வெளியாயின. வைத்தியசாலைப் படியேறாதவனுடைய வீட்டுக்கும் அவை சென்றன.

கிறீன் 1873இல் ஊர் திரும்பினார். 1884இல் இறக்கும்வரை அமெரிக்காவிலிருந்தே தமிழ் நூல்களைத் திருத்திக்கொண்டிருந்தார். அவர் பயிற்றிய வைத்தியர் 60 பேருக்கு மேல். அவர்களுள் 33 பேர் தமிழிற் கற்றவர்கள். ஆயினும் தமிழ்வழிக் கல்வி அவருக்குப் பின் நெடுங்காலம் நிலைக்கவில்லை. தமிழுக்குத் தகுதியில்லாமையே காரணமென இன்றும் சொல்வோர் உளர். நாலாயிரம் பக்கங்களுக்கு மேல் அச்சேறிய நூல்களைப் புரட்டாதவர்களின் பேச்சு அது. கொழும்பில் 1870இல் தொடங்கிய வைத்தியக் கல்லூரியின் மொழி ஆங்கிலம்; அரசாங்க சேவையின் மொழியும் ஆங்கிலம்; சம்பளமும் ஓய்வூதியமும் இருந்தது அந்தப் பக்கமே. தமிழ் வைத்தியனுக்குக் கிடைத்ததோ கிராமத்து ஏழை கொடுக்கக்கூடிய கூலி. ஒரு மிஷனின் நன்கொடையும் ஒரு மனிதரின் உழைப்பும் குடியேற்ற ஆட்சியின் உத்தியோகச் சந்தையை எவ்வளவு காலம் எதிர்த்து நிற்க முடியும்?

சுதந்திரத்தின் பின் பள்ளிக்கூடங்களில் தாய்மொழிக் கல்வி வந்தது. பல்கலைக்கழகக் கலைப்பாடங்களும் தமிழுக்கு மாறின. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவபீடம் 1978இல் தொடங்கியபோதோ போதனாமொழி ஆங்கிலமாகவே இருந்தது, இன்றும் அதுவே. மானிப்பாயிலிருந்து சில மைல் தூரத்திலுள்ள அப்பீடத்தின் மாணவர்கள், யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை வாட்டுகளில் நோயாளியிடம் நோயைத் தமிழிலே கேட்டறிந்து, குறிப்பை ஆங்கிலத்தில் எழுதுகின்றனர்.